காண்டாக் கம்பும் கால்டரும்

அசையும் சிற்பங்களின் கதை – 6

போன வாரம் நாவும் காபோவின் எஃகுக் கம்பியோடு நிறுத்தியிருந்தோம். 1920-இல் ரஷ்யாவில், அடியில் மின்மோட்டார் வைத்து ஒற்றைக் கம்பியைத் துடிக்கவிட்டார் அவர். துடித்த வேகத்தில் கம்பி கண்ணுக்கு மறைந்து, அந்த இடத்தில் ஓர் அலை நின்றது. சிற்பமும் அசையலாம் என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. ஆனால் காபோவே அதை ஒரு விளக்கமாகத்தான் வைத்துக்கொண்டார். முழுமையான சிற்பமாக மதிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினால் கம்பி வெறும் கம்பி. ஓடவிட்டால் ஒரே அலை, மறுபடியும் அதே அலை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு பொறியியல் பட்டதாரி. பெயர் அலெக்சாண்டர் கால்டர்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த அருங்காட்சியகம் வரைக்கும் போக வேண்டாம். பால் ஸ்டோருக்குப் போகும் பாதை போதும். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்குக்கு நின்று, தங்கள் மர நிறை பிடித்து, மரம் சீவி, மங்கு என்னும் கிண்ணங்களில் சேர்ந்த ரப்பர் பாலை வாளிகளில் ஊற்றியதும், காண்டாக் கம்பின் இரண்டு நுனிகளிலும் வாளிகளை மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பார்கள். லிங்கியானாலும் தானா மேராவானாலும் பாஹாவ் பக்கத்துத் தோட்டமானாலும் இந்த நடையில் வித்தியாசம் இருக்காது. இரண்டு வாளியும் ஒரே அளவு நிறைவது அபூர்வம். ஒன்றில் பால் கூடுதலாக இருக்கும், ஒன்றில் குறையும். அதற்காக அந்த அம்மா பாலை மாற்றி ஊற்றிக்கொண்டு நிற்கமாட்டார். கம்பைத் தோளில் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார். கனத்த வாளி தோளை நெருங்கும், லேசான வாளி விலகும், கம்பு மட்டத்துக்கு வந்துவிடும். 15 கிலோ வாளி தோளிலிருந்து 40 செண்டிமீட்டரில் தொங்கினால் 10 கிலோ வாளி 60 செண்டிமீட்டரில் தொங்க வேண்டும். எடையையும் தூரத்தையும் பெருக்கினால் இரண்டு பக்கமும் ஒரே விடை. பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் விதி என்று எழுதிப்போடுவது இதைத்தான்.

இடும்பன் சிவகிரியையும் சக்திகிரியையும் தூக்கி வந்தது இந்த ஏற்பாட்டில்தான். தைப்பூசத்துக்கு இருபுறமும் பால் செம்பு கட்டி எடுக்கும் காவடி அந்தச் சுமையின் நினைவு. கால்டரின் சிற்பம் இதே கம்பைத் தோளிலிருந்து இறக்கி, கூரையிலிருந்து தொங்கவிட்டதுதான். அதற்குமேல் அவர் செய்தது ஒன்றே ஒன்று: ஒரு கம்பின் நுனியில் வாளிக்குப் பதிலாக இன்னொரு கம்பை மாட்டினார். கேட்கச் சின்ன விஷயம். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு முப்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது.

1898-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய லான்டனில் பிறந்தார். தாத்தா சிற்பி, அப்பா சிற்பி, அம்மா ஓவியர். தாத்தா, அப்பா, பிள்ளை மூவருக்கும் அலெக்சாண்டர் என்றே பெயர். தாத்தா வார்த்த வில்லியம் பென்னின் வெண்கலச் சிலை 37 அடி உயரம். அந்த நகர மண்டபத்தின் உச்சியில் 1894-இல் ஏற்றப்பட்டு இன்றைக்கும் நிற்கிறது. அசையாத சிலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட உறுதியான உதாரணம் கிடைக்காது. அந்த வீட்டுப் பேரன்தான் சிற்பத்திலிருந்து பீடத்தைப் பிடுங்கி எறிந்தவர்.

குடும்பம் எந்த ஊருக்குக் குடிபோனாலும் பையனுக்கென்று ஒரு பட்டறை மூலையையும் கருவிகளையும் பெற்றோர் ஒதுக்கிக் கொடுத்தார்கள். 1909 கிறிஸ்துமஸுக்குப் பதினொரு வயதுப் பையன் பித்தளைத் தகட்டை வெட்டி வளைத்து அவர்களுக்கு ஒரு நாயும் ஒரு வாத்தும் செய்து தந்தான். வாத்தின் அடிப்பாகம் வளைவு. விரலால் தட்டினால் முன்னும் பின்னும் ஆடும். ஒட்டு இல்லை, ஆணி இல்லை, ஒரே தகடு. பின்னால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்யப்போவதன் விதை அதில் இருக்கிறது என்று எழுதாத கால்டர் ஆய்வாளர் இல்லை. நானும் எழுதிவிட்டேன், வாத்தைப் பார்த்தால் வேறு எதுவும் எழுதத் தோன்றாது.

ஆனாலும் பையன் கலைக்குப் போகவில்லை. ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து 1919-இல் பட்டம் வாங்கினார். பிறகு சில வருடங்கள் கால் தரிக்காத அலைச்சல். வரைபட வேலை, மோட்டார் வாகன வேலை, மரம் வெட்டும் முகாமில் ஆட்களின் நேரக்கணக்கு எழுதும் வேலை. நம் ஊரில் கிராணி பார்க்கிற வேலை அது. 1922-இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன கப்பலில் கொதிகலன் அறைக் கூலியாக ஏறினார். குவாத்தமாலா கரைக்கு அப்பால், மேல்தளத்தில் கயிற்றுச் சுருள்மேல் படுத்திருந்த ஒரு விடியலில் கண் விழித்தபோது ஒரு பக்கம் செக்கச் சிவந்த சூரியன் எழுந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் வெள்ளிக் காசு போல நிலா இன்னும் இறங்காமல் நின்றது. இரண்டு வட்டங்கள், நடுவில் தூரம், இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதுபோல ஒரு நிலை. அந்தக் காட்சியைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் அவர் செய்த அசையும் சிற்பங்களில் திரும்பத் திரும்ப வரும் சிவப்பு வட்டத்தையும் வெள்ளை வட்டத்தையும் பார்க்கிறவர்கள் அதை நம்பிவிடுவார்கள்.

1923-இல் நியூயார்க்கில் ஓவியம் கற்கச் சேர்ந்தார். பத்திரிகைக்குப் படம் போட சர்க்கஸ் கூடாரத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தார். 1926-இல் பாரிஸ் போனார். அங்கே அவர் கை தேடிப் பிடித்தது கம்பி. களிமண்ணும் கல்லும் வெண்கலமும் அவருக்குப் பொறுமையைச் சோதித்தன. கம்பியும் இடுக்கியும் சட்டைப்பையில் அடங்கும், எங்கே உட்கார்ந்தாலும் வேலை நடக்கும். மங்கு தாங்கும் கம்பியைக் கழற்றி வளைத்து வண்டி ஓட்டிவிட்டுக் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பையன்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த மனிதரின் கை அரிப்பு புரியும். அவரும் வளர்ந்த பிறகு வண்டியை விடவில்லை. கம்பி, தக்கை, துணி, மரத்துண்டு இவற்றைக்கொண்டு ஒரு முழு சர்க்கஸையே செய்தார். சிங்கம், கயிற்றில் நடக்கிறவள், கத்தி எறிகிறவன் எல்லாம் அதில் உண்டு. தரையில் முழங்காலிட்டு அவரே ஒவ்வொன்றையும் ஆட்டி, ஓட்டி, உறுமி நடத்திக் காட்டுவார். ஓவியர்கள் மீரோ, லெஜே, மோந்திரியான் எல்லாம் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். சாமான்கள் பெருகிப் பெருகிக் கடைசியில் ஐந்து பெட்டிகள் ஆயின. அத்தனையும் இப்போது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1930 அக்டோபரில் மோந்திரியானின் வேலையறைக்குப் போனார். சுவர் முழுக்க வெள்ளை. அதில் சிவப்பு, மஞ்சள், நீல அட்டைச் சதுரங்களை முள்குத்தி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த டச்சு ஓவியர். இந்தச் சதுரங்கள் அசைந்தால் எப்படி இருக்கும் என்று கால்டர் கேட்டார். மோந்திரியானுக்குச் சிரிப்பு வரவில்லை. அது தேவையில்லை, தன் ஓவியம் ஏற்கெனவே மிக வேகமானது என்று பதில் சொன்னார். இருவரும் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கால்டர் வீட்டுக்கு வந்து சில வாரம் கட்டங்களும் கோடுகளுமாக ஓவியம் வரைந்து பார்த்துவிட்டு, மறுபடி கம்பியை எடுத்தார். இந்த முறை கம்பியில் சிங்கமும் இல்லை, ஆளும் இல்லை. வட்டங்களும் உருண்டைகளும் வளைவுகளும் மட்டும்.

1931-இல் அவற்றுக்கு மோட்டார் வைத்தார், சிலவற்றுக்குக் கைப்பிடிச் சக்கரம். பார்க்க வந்த கலைஞர் மார்செல் துஷாம், இவற்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு மொபைல் என்று சொன்னார், பெயர் ஒட்டிக்கொண்டது. அசையாமல் தரையில் நிற்கிறவற்றுக்கு ஸ்டேபில் என்று அடுத்த வருடம் பெயர் வைத்தவர் சிற்பி ழான் ஆர்ப். அந்த இடத்தில் கால்டர் நின்றிருந்தால் காபோவின் வரிசையில் இன்னொருவர் என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். பொறியியல் படித்தவருக்கு மோட்டாரின் சங்கடம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கெட்டுப்போகும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம், அடுத்து என்ன செய்யும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவது. மூன்று சுற்று பார்த்தால் நான்காவது சுற்று மனப்பாடம். ஓரிரு வருடங்களில் மோட்டாரைப் பெரும்பாலும் கைவிட்டு வேலையைக் காற்றிடம் ஒப்படைத்தார்.

ஒரு மொபைலை எப்படிக் கட்டுவது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மேலிருந்து கீழே கட்ட முடியாது. கடைசிக் கம்பிதான் முதலில். ஒரு சாண் கம்பி எடுத்து ஒரு நுனியில் சின்னத் தகடும் மறு நுனியில் சற்றுப் பெரிய தகடும் பொருத்த வேண்டும். அதை விரல்மேல் வைத்து நகர்த்தி, எந்தப் பக்கமும் சாயாத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே இடுக்கியால் ஒரு வளையம் போட வேண்டும். இப்போது அந்தக் கம்பியும் இரண்டு தகடுகளும் சேர்ந்து ஒரே சுமை. அந்தச் சுமையை அடுத்த கம்பியின் ஒரு நுனியில் மாட்டி, மறு நுனியில் அதற்கு ஈடான தகட்டைப் பொருத்தி, மறுபடி விரல்மேல் வைத்து இடம் தேட வேண்டும். இப்படியே படிப்படியாக மேலே போக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அடியில் தொங்கும் சின்ன இலையில் ஒரு துளி பெயிண்ட் கூட்டினாலும் அதற்கு மேலே உள்ள அத்தனை வளையங்களின் கணக்கும் கொஞ்சம் தப்பும். கால்டர் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, கையால் தூக்கிப் பார்த்துத்தான் செய்தார். நெம்புகோல் விதி தெரிந்தவர் அதை விரலுக்கு விட்டுவிட்டார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பி நேர்க்கோடாக இருந்தால் நடுவளையத்தில் நிற்கும், ஆனால் யாராவது தொட்டுச் சாய்த்தால் சாய்ந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் கம்பிக் கைகளை வில் போல வளைத்தார். நுனிகள் வளையத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் எவ்வளவு ஆடினாலும் திரும்பத் தன் நிலைக்கு வரும். காண்டாக் கம்பிலும் இதுதான் நடக்கிறது: பால் கனத்தில் கம்பு லேசாக வளைந்து நுனிகள் தோளுக்குக் கீழே இறங்குவதால்தான் மேடு பள்ளத்தில் தள்ளாடினாலும் வாளி கவிழ்வதில்லை.

வளையமும் கொக்கியும் மட்டுமே இணைப்பு என்பதால் ஒவ்வொரு கையும் தன் இஷ்டத்துக்குச் சுற்றும். நெட்டுக்குத்தாகத் தொங்கும் தகடு காற்றை வாங்கும், படுத்திருக்கும் தகடு வாங்காது. கதவைத் திறந்தால் போதும். கீழ்க் கை மெல்லக் கிளம்பி மேல்கையை இழுக்கும், அது போதுமான அளவு சுற்றியதும் இது எதிர்ப்பக்கம் திரும்பும். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒரே அமைப்பு இரண்டு முறை வருவதைப் பிடிக்க முடியாது. மோட்டார் செய்ய முடியாதது இது.

இதைப் பொம்மை வேலை என்று ஒதுக்கியவர்கள் அப்போதே உண்டு. கடைகளில் தொட்டிலுக்கு மேல் தொங்கவிட விற்கும் பிளாஸ்டிக் பட்டாம்பூச்சிகள் அந்தப் பழியை இன்னும் வளர்த்துவிட்டன. அதற்கெல்லாம் மூலம் இவர் என்பதும் உண்மைதான். ஆனால் பாரிஸில் 1937 உலகக் கண்காட்சியின் ஸ்பானிய மண்டபத்தில், பிக்காசோவின் குவெர்னிக்கா ஓவியத்துக்கு முன்னால் நின்ற ஊற்று இவருடையது. அதில் ஓடியது தண்ணீர் அல்ல, பாதரசம். ஸ்பெயினின் அல்மாதென் சுரங்கத்துப் பாதரசம். உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் படை குறிவைத்திருந்த ஊர் அது. தார் பூசிய தகடுகளின்மேல் பாதரசம் வழிந்து விழ, அந்த விசையில் மேலே ஒரு கம்பி அசைந்தது, அதன் நுனியில் அல்மாதென் என்ற பெயர் ஆடியது. பாதரச ஆவி நஞ்சு என்பதால் இப்போது பார்சிலோனாவின் மீரோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் ஓடுகிறது. பொம்மைக்காரர் என்றவர்கள் அதன்முன் சற்று நேரம் நின்று பார்த்திருக்கலாம்.

போர்க்காலத்தில் அலுமினியத் தகடு கிடைக்காமல் மரத்துண்டுகளைச் செதுக்கிக் கம்பியில் கோத்தார். 1943-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வேலைகளை மொத்தமாக வைத்துக் காட்டியது. 1946-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1952-இல் வெனிஸ் பியன்னாலேயில் சிற்பத்துக்கான பெரும் பரிசு. இவையெல்லாம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாதது அதற்குப் பிறகு வந்த இந்தியப் பயணம்.

அகமதாபாத்திலிருந்து கீரா சாராபாய் என்ற இளம்பெண் அவருக்குக் கடிதம் எழுதினார். கீரா, அமெரிக்காவில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் வேலை பழகியவர். கடிதத்தின் சாரம் எளிமையானது: நீங்களும் மனைவியும் இந்தியா வாருங்கள், பயணச் செலவு எங்களுடையது, பதிலுக்கு எங்களுக்குச் சில சிற்பங்கள் செய்து தாருங்கள். கால்டருக்கு இந்த வியாபாரம் பிடித்துவிட்டது. 1955 ஜனவரியில் மனைவி லூயிசாவோடு வந்து இறங்கினார். சாராபாய் வளாகத்தின் தோட்டத்திலேயே வேலை செய்ய இடம் கொடுத்தார்கள். சில வாரங்களில் மொபைல்களும் ஸ்டேபில்களும் கொஞ்சம் நகையும் செய்து கொடுத்துவிட்டு, நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அங்கே செய்த ஒன்றுக்கு குவாவா என்று பெயர், கொய்யாப்பழம்தான். இன்னொன்றுக்கு ஃபிராஞ்ஜி பானி. நம் ஊர் மலாய்க்காரர்கள் இடுகாட்டில் நடும் கம்போஜா பூ.

யார் இந்த சாராபாய்கள்? காலிக்கோ நூற்பாலை முதலாளி அம்பாலால் சாராபாயின் மக்கள். கீராவும் அண்ணன் கௌதமும் 1949-இல் காலிக்கோ துணி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள். அக்கா கீதா 1946-இல் நியூயார்க்கில் இசைக்கலைஞர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அதே குடும்பத்துக்காகப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அகமதாபாத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அடுத்த சில ஆண்டுகளில், 1961-இல், தேசிய வடிவமைப்புக் கழகம் அதே ஊரில் எழுந்ததிலும் கீரா, கௌதம் இருவரின் கை உண்டு. இவர்களுடைய இன்னொரு சகோதரர் விக்ரம் சாராபாயை இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை என்று எல்லாரும் அறிவார்கள்.

தோட்டத்து வாசகர் ஒருவர் இங்கே கையைத் தூக்கிக் கேட்பார் என்று தெரியும்: ஆலைக்காரன் வீட்டுத் தோட்டத்தில் அழகுப் பொருள் ஆடியதில் தொழிலாளிக்கு என்ன? நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை அந்த வீட்டுக்குள்ளேயே கேட்டவர் ஒருவர் இருந்தார். அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா. 1918-இல் அகமதாபாத் நூற்பாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் பக்கம் தலைவராக நின்றவர் தம்பி. தொழிலாளிகள் பக்கம் நின்றவர் அக்கா. காந்தி அந்தப் போராட்டத்தில்தான் உண்ணாவிரதம் இருந்தார். 35 சதவீத உயர்வோடு அது முடிந்தது. 1920-இல் அனசூயா தலைமையில் நூற்பாலைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கால்டர் வந்த 1955-இல் அவர் உயிரோடு இருந்தார். 1972 வரை வாழ்ந்தார். அங்கே கால்டர் தகடு வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே மலாயாவில் நிலைமை என்ன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவசரகாலம் முடியவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை ஓரிடத்தில் திரட்டிச் சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், பல சங்கங்களை ஒன்றாக்கி 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றிருந்தார்.

சாராபாய் வீட்டுக்கும் நம் தோட்டங்களுக்கும் இதைவிட நெருக்கமான ஒரு தொடர்பு உண்டு. விக்ரமின் மனைவி மிருணாளினி, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றவர், 1949-இல் அகமதாபாத்தில் தர்ப்பணா நடனப்பள்ளியை நிறுவியவர். அவருடைய அக்காதான் கேப்டன் லட்சுமி. 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர். அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் ஏராளமானோர் மலாயாவின் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். ஜப்பானியர் ஆண்களைச் சயாம் மரண ரயில் வேலைக்கு லாரி ஏற்றிக்கொண்டு போன அதே வருடங்களில், மரம் சீவும் உளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர்கள். தங்கை வாழ்க்கைப்பட்ட குடும்பம் பாரிஸ், நியூயார்க் கலைஞர்களை விருந்துக்கு அழைத்தது. அக்கா நம் லயத்துப் பெண்களை அணிவகுக்க வைத்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு உலகங்கள்.

அகமதாபாத்தில் செய்தவை பெரும்பாலும் சின்னவை. கால்டரின் வேலைகளில் எனக்குப் பிடித்தவை இந்த அளவில் உள்ளவைதான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஒருவர் மூச்சுக்கு அசையும் கனத்தில் இருப்பவை. 1953-இல் பிரான்சில் சாஷே என்ற கிராமத்தில் வீடு வாங்கிய பிறகு அவருடைய நாட்டம் மெல்லப் பிரம்மாண்டத்தின் பக்கம் போனது. தூர் நகரத்து இரும்புப் பட்டறையில் கொதிகலன் செய்கிற ஆட்கள் அவருடைய சின்ன மாதிரிகளைப் பார்த்துத் தடித்த எஃகுத் தகட்டில் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். சிகாகோவில் 1974-இல் நிறுத்திய ஃபிளமிங்கோ 53 அடி உயரம், செக்கச் சிவப்பு, அடியில் ஆட்கள் நடந்து போகலாம். கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அசையாது. தாத்தாவின் வில்லியம் பென் பக்கத்தில் பேரனும் வந்து நின்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

பெரிய மொபைல்களுக்கு வேறு வகைத் தொல்லை. பிட்ஸ்பர்க் என்ற கறுப்பு வெள்ளை மொபைல் 1958-இல் அந்த நகரத்துக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. ஒரு சேகரிப்பாளர் அதை விலைக்கு வாங்கி விமான நிலையத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். நிர்வாகம் அதை மாவட்டத்தின் நிறமான பச்சையிலும் பொன்னிறத்திலும் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டது. கால்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பழைய நிறம் திரும்பியது அவர் போன பிறகுதான். கோவில் கொடிமரத்துக்குக் கட்சிக்கொடி நிறம் அடித்த கதையெல்லாம் கேட்டிருக்கும் நமக்கு இது புதிதல்ல.

நம் தோட்டத்துக் காவடிகளுக்கு அந்த மரியாதைக் குறைவுகூடக் கிடைத்ததில்லை, ஏனென்றால் அவற்றைச் சிற்பம் என்று யாரும் வாங்கவே இல்லை. உடலைச் சுற்றிச் சங்கிலியும் கம்பியும் விரிய, மேலே மயிற்பீலி அசைய, உறுமிக்கும் தவிலுக்கும் ஆள் சுழலும் பெரிய காவடியில் எடை ஒரு பக்கம் கூடினால் எடுப்பவர் நான்கு அடி வைக்க முடியாது. கட்டுபவர் அதைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தும், எடுப்பவர் தோளில் ஏற்றிப் பார்த்தும், கம்பியை வளைத்தும்தான் சரிசெய்கிறார். கால்டர் விரல்மேல் வைத்துத் தேடிய இடத்தை இவர் இன்னொருவர் தோளில் தேடுகிறார். கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் திறந்தது 1958-இல். திருவிழா முடிந்ததும் கழற்றிப் போடும் சட்டங்களை அங்கே எடுத்துவைக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கால்டரின் மொபைலை ஆட்டுவது காற்று. காவடியை ஆட்டுவது நேர்த்திக்கடன் உள்ள ஓர் உடம்பு. கலை விமர்சகர்களுக்கு முதலாவதைப் பற்றி எழுத வந்த கை இரண்டாவதைப் பற்றி ஏன் வரவில்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

கால்டர் 1976 நவம்பர் 11-இல் நியூயார்க்கில் இறந்தார். விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் பெரிய கண்காட்சி தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் புதிய கட்டடத்துக்கு அவர் கொடுத்திருந்த கடைசி மொபைலின் மாதிரி அப்போது பட்டறையில் இருந்தது. அதைப் பெரிதாக்க வேண்டிய அளவு 76 அடி. வழக்கப்படி எஃகில் செய்திருந்தால் அந்தக் கட்டடத்துக்குள் வீசும் காற்றுக்கு அது அசைந்திருக்காது. மறுபடி மோட்டாரிடம்தான் போயிருக்க வேண்டும். ஓவியர் மத்தீஸின் பேரன் பால் மத்தீஸ் வேறு வழி கண்டுபிடித்தார். விமானத்துக்குப் பயன்படும் அலுமினியத் தேனடைத் தகட்டில் இலைகளையும், உள்ளே பொள்ளலான அலுமினியக் குழாயில் கைகளையும் செய்தார். மொத்த எடை 920 பவுண்டு, சுமார் 420 கிலோ. இரண்டு கைகளாலும் காண்டாக் கம்பிலும் தூக்கக்கூடிய எடை அல்ல, ஆனால் 76 அடிக்கு அது ஒன்றுமே இல்லை. 1977 நவம்பரில் கூரையில் மாட்டினார்கள். குளிரூட்டும் குழாயிலிருந்து வரும் காற்று அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

அடுத்த வாரம், கால்டர் தூக்கிப்போட்ட மோட்டாரைப் பொறுக்கி எடுத்துக்கொண்ட ஒரு ஸ்விஸ்காரர். பெயர் ழான் தாங்லி. 1960 மார்ச் 17-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், சைக்கிள் சக்கரங்களும் பழைய பியானோவும் சேர்த்து அவர் கட்டிய இயந்திரம் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளத் தொடங்கி, பாதியில் தீயணைப்புக்காரர்கள் வந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

(தொடரும்)